சோர் பஜாரில் பொம்மை ரெயில் வேட்டை

(நமது மும்பை நிருபர்)

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணி. எனக்கு வார ஓய்வு நாள். இன்னும் ஒரு மணி நேரம் தூங்கலாம் என்று புரண்டு படுத்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. சலவை வேட்டி, தோளில் மஞ்சள் பை.

"தம்பி, இன்னைக்கு ஓய்வுதானே? சோர் பஜார் வரைக்கும் போயிட்டு வந்திருவோமா?" என்று கேட்டார்.

"என்ன வாங்கணும் அண்ணாச்சி?"

"ஒரு ரெயில் என்ஜின்."

நான் ரெயில்வேயில் பார்சல் ஆபீஸ் கிளார்க். பதினாலு வருடமாக மூட்டைகளையும் மோட்டார் சைக்கிள்களையும் எடை போட்டு ரசீது எழுதுகிறேன். என்ஜினை விலைக்கு வாங்கப் போகிறேன் என்று ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். அவர் கேட்டது பொம்மை ரெயில் என்ஜின். அதுவும் கடையில் விற்கும் புதுப் பொம்மை அல்ல. சீமையில் செய்த, சாவி கொடுத்தால் ஓடும், பழைய தகர என்ஜின்.

ரூ.40-க்கு விற்றது

தாராவி 90 அடி ரோட்டை ஒட்டிய சந்தில் அண்ணாச்சியைத் தெரியாதவர்கள் கிடையாது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. வாலிபத்தில் பரேலில் ஒரு மில்லில் பிட்டராக இருந்தார்.

1980-ம் ஆண்டு பைகுல்லாவில் ஓர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. வீட்டுக்காரர் ரெயில்வேயில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சாமான்களைக் கட்டிக் கொடுக்க அண்ணாச்சி போயிருந்தார். கூடவே அவருடைய 5 வயது மகனும் போயிருந்தான். அந்த வீட்டு அம்மாள் கூலியைக் கொடுத்துவிட்டு, பையன் கையில் ஓர் அட்டைப் பெட்டியையும் கொடுத்தாள். உள்ளே ஓர் என்ஜின், நிலக்கரிப் பெட்டி, இரண்டு பயணிகள் பெட்டி, வட்டமாகப் பூட்டுகிற தண்டவாளம், சாவி.

இரண்டு வருடம் அந்த ரெயில் அண்ணாச்சி வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஓடியது.

1982-ம் ஆண்டு ஜனவரி 18-ந்தேதி பம்பாய் மில் தொழிலாளர் வேலை நிறுத்தம் தொடங்கியது. டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் 2½ லட்சம் பேர் வெளியே வந்தார்கள். அந்த வேலை நிறுத்தம் முறைப்படி வாபஸ் ஆகவே இல்லை என்பதும், பல மில்கள் மறுபடி திறக்கவே இல்லை என்பதும் நம் வாசகர்களில் பல குடும்பங்களுக்கு அனுபவத்திலேயே தெரியும். அந்த வருடம் மழைக் காலத்தில், வீட்டில் அரிசி இல்லாத ஒரு நாளில், அண்ணாச்சி அந்த அட்டைப் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துப் போய் சோர் பஜாரில் விற்றுவிட்டார். கிடைத்தது நாற்பது ரூபாய்.

"பையன் ரெண்டு நாள் கட்டிலுக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தான். அப்புறம் எந்திரிச்சு வந்தான். அதுக்குப் பெறகு ஒரு வார்த்தை கேக்கல. இன்னைக்கு வரைக்கும் கேக்கல" என்றார் அண்ணாச்சி.

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயது. மாட்டுங்கா ரெயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை. தலை நரைத்துவிட்டது.

"அவன் கேக்காட்டியும் அது கடன்தானே தம்பி. எல்லாக் கடனையும் அடைச்சாச்சு. இது ஒண்ணு பாக்கி" என்று சொல்லி மஞ்சள் பையைத் தட்டிக் காட்டினார். உள்ளே ரூ.4,000 இருந்தது.

வெள்ளிக்கிழமைச் சந்தை

சோர் பஜார் என்றால் திருட்டுச் சந்தை என்று அர்த்தம். முதலில் இரைச்சல் மிகுந்த சந்தை என்ற பொருளில் 'ஷோர் பஜார்' என்றுதான் பெயர் இருந்ததாகவும், வெள்ளைக்காரன் வாயில் அது மருவிவிட்டதாகவும் சொல்வார்கள். தொலைந்த சாமானை அங்கேயே போய்த் திரும்ப வாங்கலாம் என்று ஒரு வேடிக்கைப் பேச்சும் உண்டு. அண்ணாச்சி தானாகவே விற்ற சாமானைத் திரும்ப வாங்கப் போனார். அதுதான் வித்தியாசம்.

நம்மவர்கள் போவதென்றால் சயானில் ஏறி சாண்ட்ஹர்ஸ்ட் ரோடில் இறங்கி நடக்கலாம். மேற்கு ரெயில்வே பக்கம் இருப்பவர்களுக்கு கிராண்ட் ரோடு சவுகரியம். பேண்டி பஜார் வட்டாரத்தில் பழைய கட்டிடங்கள் பல இடிக்கப்பட்டு உயரமான அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. பழைய அடையாளத்தை வைத்து வழி தேடினால் தடுமாற வேண்டியிருக்கும். மட்டன் ஸ்ட்ரீட் எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்.

மற்ற நாட்களில் மட்டன் ஸ்ட்ரீட் பழம்பொருள் கடைகளில் சாமான் பார்க்கலாம். கிராமபோன், சுவர்க் கடிகாரம், கப்பல் விளக்கு, இந்திப் பட போஸ்டர் எல்லாம் உண்டு. வெள்ளிக்கிழமை அந்தக் கடைகள் மூடியிருக்கும். அன்று தெருதான் சந்தை. 'ஜும்மா பஜார்' என்பார்கள். தார்ப்பாயையோ பழைய சேலையையோ விரித்து, வீடு வீடாக வாங்கி வந்த சாமான்களைக் கொட்டி வைத்திருப்பார்கள். ஒற்றைச் செருப்பு, செத்துப்போன செல்போன், மிக்சி மூடி, குழாய்த் திருகு, யாரோ ஒருவரின் கல்யாண ஆல்பம், எல்லாம் ஒரே குவியல். கடைக்காரர்களும் சேகரிப்பாளர்களும் இருட்டோடு வந்து டார்ச் அடித்துப் பார்த்து நல்ல சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. பொம்மை ரெயில் இருந்தது. பேட்டரியில் ஓடும் பிளாஸ்டிக் ரெயில், அதுவும் சக்கரம் இல்லாதது. அண்ணாச்சி அதைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. ஆளுக்கு ஒரு கட்டிங் சாயா குடித்துவிட்டுத் திரும்பிவிட்டோம்.

அறை முழுக்க ரெயில்

தெரியாத விஷயத்தில் இறங்கினால் தெரிந்தவரைக் கேட்க வேண்டும். மாட்டுங்காவில் ஓய்வுபெற்ற ரெயில்வே அதிகாரி ஒருவர் பொம்மை ரெயில் சேகரிக்கிறார் என்று ஆபீசில் சொன்னார்கள். பேரைப் போட வேண்டாம் என்ற நிபந்தனையுடன் வீட்டுக்குள் விட்டார். திருடன் பயத்தைவிட சொந்தக்காரர்களின் குழந்தைகள் பயம்தான் அவருக்கு அதிகம்.

ஓர் அறையில் கட்டில், பீரோ எதுவும் இல்லை. சுவரைச் சுற்றி மேஜை உயரத்தில் தண்டவாளம். குகை, பாலம், சிக்னல், பிளாட்பாரத்தில் நெல்மணி உயரத்துக்கு ஒரு போர்ட்டர். பொத்தானை அழுத்தினார். எக்ஸ்பிரஸ் ஒன்று சரியான நேரத்துக்குப் புறப்பட்டது. (நம் ஊர் வண்டிகளைப் பற்றி இந்த இடத்தில் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சம்பளம் வாங்குகிற இடம்.)

"முதலில் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். அளவு தெரியாமல் என்ஜின் ஒருவரிடமும் தண்டவாளம் ஒருவரிடமும் வாங்கினால் இரண்டும் சேராது" என்றார் அவர்.

பொம்மை ரெயிலிலும் நம் ரெயில்வேயைப் போலவே கேஜ் உண்டு. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 32 மில்லிமீட்டர் இருந்தால் அது 'ஓ' கேஜ். பழைய தகர என்ஜின்கள் பெரும்பாலும் இந்த ரகம். 16.5 மில்லிமீட்டர் இருந்தால் 'எச்.ஓ.' அல்லது 'டபுள் ஓ'. 9 மில்லிமீட்டர் இருந்தால் 'என்'.

எச்.ஓ. என்பது அசலில் 87-ல் ஒரு பங்கு. 16.5-ஐ 87-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 1,435 வரும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள ஸ்டாண்டர்டு கேஜின் அகலம் அதுதான். நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19-க்கு மேல் வருகிறது. ஆகவே நம் ஊர் என்ஜினை எச்.ஓ. அளவில் செய்து கடையில் விற்கும் தண்டவாளத்தில் ஓட்டினால், மேலே இந்தியா, கீழே ஐரோப்பா. சேகரிப்பவர்கள் இதைக் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள்.

இங்கிலாந்துக்காரர்கள் செய்ததோ இன்னும் வேடிக்கை. அவர்கள் நாட்டு என்ஜின்கள் உருவத்தில் சிறியவை. 87-ல் ஒரு பங்காகக் குறைத்தால் உள்ளே அந்தக் காலத்து மோட்டார் அடங்கவில்லை. எனவே என்ஜினை மட்டும் 76-ல் ஒரு பங்காகப் பெரிதாக்கிக்கொண்டு, தண்டவாளத்தை 16.5 மில்லிமீட்டரிலேயே விட்டுவிட்டார்கள். அதுதான் 'டபுள் ஓ'. பெரிய உடம்பு, ஒடுங்கின கால். இன்றைக்கும் அந்நாட்டில் அதுதான் அதிகம் விற்பனையாகிறது.

அண்ணாச்சி சொன்ன அடையாளங்களை எல்லாம் கேட்டுவிட்டு அதிகாரி உள்ளே போய்ப் படங்கள் உள்ள ஒரு புத்தகத்தைக் கொண்டு வந்தார். நாலு பக்கம் புரட்டியதும் அண்ணாச்சி விரலை வைத்தார். "இதுதான்."

ஹார்ன்பி 'எம்-1'. பிராங்க் ஹார்ன்பி என்பவர் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்துக்காரர். துளை போட்ட தகடுகளைத் திருகாணியால் பூட்டி விளையாடும் மெக்கானோவைக் கண்டுபிடித்து 1901-ல் பதிவு செய்தவர். 1920-ல் அவர் கம்பெனி பொம்மை ரெயில் செய்யத் தொடங்கியது. சாவி கொடுக்கும் என்ஜின்களில் எம் வரிசை மலிவு ரகம். ராஜா வீட்டுப் பிள்ளைக்கு அல்ல, கிளார்க் வீட்டுப் பிள்ளைக்காகச் செய்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஹார்ன்பி 1936-ல் இறந்துவிட்டார். லிவர்பூல் பின்ஸ் ரோட்டில் இருந்த அந்தப் புகழ்பெற்ற தொழிற்சாலை 1979-ல் மூடப்பட்டது. அதாவது அண்ணாச்சி மகன் கைக்கு ரெயில் வந்தபோது அதைச் செய்த தொழிற்சாலையே இல்லை.

"என்ன நிறம்?" என்று அதிகாரி கேட்டார். எம்-1 சிவப்பிலும் உண்டு, பச்சையிலும் உண்டாம்.

"பச்சை" என்றார் அண்ணாச்சி யோசிக்காமல்.

பித்தளை ஏமாற்று

இரண்டாவது வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே போய்விட்டோம். ஒரு முக்கில் பெரிய பித்தளை என்ஜின் ஒன்று வைத்திருந்தார்கள். அழுக்கும் பச்சைக் களிம்பும் ஏறி, பார்த்தால் நூறு வருடம் பழசு போல இருந்தது. "ராணி காலத்து மாடல், சேட்! வெள்ளைக்கார துரை வீட்டில் இருந்தது!" என்றார் விற்றவர். விலை ரூ.9,000.

நான் தூக்கிப் பார்த்தேன். பார்சல் ஆபீஸ் கைக்கு எடை பொய் சொல்லாது. ஆறு கிலோ. குழந்தை விளையாடுகிற சாமானை ஆறு கிலோவில் எவன் செய்வான்? சக்கரம் சுழலவே இல்லை, உடம்போடு சேர்த்து வார்த்தது. அடியில் துடைத்துப் பார்த்தால் புதுப் பித்தளை பளபளத்தது. சேற்றில் புதைத்து, அமிலம் தடவி வயதை ஏற்றியிருக்கிறார்கள். அலமாரியில் வைக்க அழகுப் பொருள் என்று சொல்லி ஆயிரம் ரூபாய்க்கு விற்றால் குற்றமில்லை. ராணியை இழுத்தது அதிகம்.

அன்று திரும்பிப் போய் அதிகாரியிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, அசலைக் கண்டுபிடிக்கும் வழிகளைச் சொல்லிக் கொடுத்தார்.

ஒரு காந்தம் வைத்துக்கொள்ள வேண்டும். தகரம் காந்தத்தைப் பிடிக்கும், பித்தளை பிடிக்காது. மலிவு ரகத் தகர என்ஜினில் வண்ணத்தைத் தட்டையான தகட்டிலேயே அச்சடித்து, பிறகுதான் வெட்டி மடிப்பார்கள். ஆகவே அசல் வண்ணத்தில் கோடுகள் மயிரிழை போலச் சுத்தமாக இருக்கும். பிரஷ் ஓடிய தடமும், மடிப்பு இடுக்கில் பெயிண்ட் தேங்கி நிற்பதும் தெரிந்தால் அது பிறகு அடித்தது. தகரத்தை மாட்டியிருக்கும் சின்ன நாக்குகளைப் பார்க்க வேண்டும். பலமுறை வளைத்து நிமிர்த்தியிருந்தால் அவை வெடித்திருக்கும். அப்படியானால் உள்ளே யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

சக்கரத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். உலகப் போருக்கு முந்திய என்ஜின்களில் துத்தநாகக் கலவையில் வார்த்த சக்கரங்கள் உண்டு. அந்தக் கலவையில் ஈயம் கலந்துவிட்டால் பல வருடம் கழித்து உலோகம் தானாகவே ஊதி, வெடித்து, கடைசியில் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிடும். அதற்கு மருந்து கிடையாது. வேறு சக்கரம்தான் போட வேண்டும்.

அட்டைப் பெட்டி இருந்தால் விலை ஏறிவிடும். சாமானைவிடப் பெட்டி அபூர்வம். குழந்தைகள் முதலில் கிழிப்பது அதைத்தானே!

அமெரிக்காவில் மகா சந்தை

இந்தப் பைத்தியம் நம் ஊரில் கொஞ்சம் பேருக்குத்தான். புனாவில் பாவு ஜோஷி என்பவர் ஆயுள் முழுவதும் உழைத்துச் செய்த சிறு ரெயில்களுக்கு 1998-ல் கோத்ருட் பகுதியில் ஒரு மியூசியமே திறந்தார். குடும்பத்தோடு புனா போகிறவர்கள் பார்க்கலாம்.

அமெரிக்காவில் நிலைமையே வேறு. பென்சில்வேனியா மாநிலத்தில் யார்க் என்ற ஊரின் பொருட்காட்சித் திடலில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் பொம்மை ரெயில் சந்தை கூடுகிறது. 1954-ல் தொடங்கிய ரெயில் சேகரிப்பாளர் சங்கத்தின் கிழக்குப் பிரிவு நடத்துகிறது. மண்டபம் மண்டபமாக மேஜை போட்டு விற்கிறார்கள், மாற்றிக்கொள்கிறார்கள். சந்தைக்கு முந்தின நாட்களிலேயே சுற்று வட்டாரத்து ஓட்டல்களில் தனிப் பேரம் தொடங்கிவிடுமாம். சாமானின் நிலைக்கு 1 முதல் 10 வரை மார்க் உண்டு. பத்து என்றால் கை படாதது. ஒன்று என்றால் குப்பை. அந்தக் கணக்கில் சோர் பஜாருக்கு எத்தனை மார்க் என்று அதிகாரியைக் கேட்டேன். "இரண்டிலிருந்து தொடங்கும். நாலு கிடைத்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்.

1900-ல் நியூயார்க்கில் தொடங்கிய லயனல் கம்பெனி 1957-ல் பெண் குழந்தைகளுக்கென்று ரோஸ் நிறத்தில் ஒரு ரெயில் செட் போட்டது. பெண் குழந்தைகள் சீந்தவில்லை. அசல் ரெயில் கறுப்பாகத்தானே இருக்கிறது, எங்களுக்கு மட்டும் ஏன் ரோஸ் என்று நினைத்திருப்பார்கள். விற்காமல் கிடந்த அந்த ரெயிலுக்குத்தான் இன்று அடிதடி. அதற்கும் போலி வந்துவிட்டது.

டார்ச் வெளிச்சத்தில்

மூன்றாவது வெள்ளிக்கிழமை. காலை நாலரை மணிக்கே அண்ணாச்சி வந்துவிட்டார். கையில் டார்ச் லைட். சட்டைப் பையில் பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம்.

வண்டியில் அவர் உட்காரவே இல்லை. பைகுல்லா வந்ததும் கதவு ஓரம் போய் நின்று வெளியே பார்த்தார். "அந்த வீடு இப்ப இல்ல" என்று மட்டும் சொன்னார்.

வண்டியிலேயே நான் ஒரு நிபந்தனை போட்டிருந்தேன். "அண்ணாச்சி, சாமானைப் பார்த்தா முகத்துல காட்டாதீங்க. பேரத்தை நான் பேசிக்கிறேன்." சரி என்று தலையாட்டினார்.

இருட்டில் சந்தை வேறு மாதிரி இருக்கிறது. எங்கு பார்த்தாலும் தரையில் வெளிச்ச வட்டங்கள் நகர்கின்றன. ஒருவரும் உரக்கப் பேசுவதில்லை. நாற்பது, ஐம்பது விரிப்புகளைப் பார்த்திருப்போம். காஸ் அடுப்பு குமிழ்களும் குழாய்களும் குவித்திருந்த ஒரு தார்ப்பாயில் அண்ணாச்சியின் டார்ச் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது.

குழாய்களுக்கு நடுவே பச்சையாக ஒரு புகைபோக்கி தெரிந்தது.

நான் அவசரப்படாமல் ஒரு குழாயை எடுத்து விலை கேட்டேன். அப்புறம் ஒரு ஸ்பானர். மூன்றாவதாகத்தான் என்ஜினை எடுத்தேன். காந்தம் ஒட்டியது. கோடுகள் சுத்தம். ஒரு பக்கம் துரு, மேலே சின்ன நெளிவு. சக்கரத்தில் வெடிப்பு இல்லை. தகரத்தில் இங்கிலாந்தில் செய்தது என்ற எழுத்து தெரிந்தது. சாவி இல்லை. நிலக்கரிப் பெட்டி இல்லை. தண்டவாளம் இல்லை.

"கித்னா, சாச்சா?"

விற்றவர் வெள்ளைத் தாடி வைத்த பெரியவர். "ஆறாயிரம். லண்டன் மால்."

ஆயிரத்து ஐந்நூறில் தொடங்கலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி குறுக்கே புகுந்துவிட்டார். இத்தனை வருடம் மும்பையில் இருந்தும் அவர் இந்தி மில் வாசலோடு நின்றுபோன இந்தி. அதை வைத்துக்கொண்டு 1982 மழைக் காலத்தில் இதே தெருவில் இந்த ரெயிலைத் தான் நாற்பது ரூபாய்க்கு விற்றதையும், பையன் கட்டிலுக்கு அடியில் படுத்துக் கிடந்ததையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். என் நிபந்தனை காற்றில் போயிற்று. இனி ஆறாயிரம் ஏழாயிரம் ஆகும் என்று நினைத்தேன்.

பெரியவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். தாத்தா கடிகாரம், அம்மா குத்துவிளக்கு, எல்லாம் நான்தான் வாங்கினேன் என்று" என்றார். பிறகு, "நாற்பது ரூபாய் கொடுத்தது என் வாப்பாவாக இருக்கும். அவர் கஞ்சன். நான் ஐயாயிரம் சொல்கிறேன்" என்றார்.

அதற்கு மேல் அரை மணி நேரம் பேரம். சாவி இல்லாததற்கு ஆயிரம், நிலக்கரிப் பெட்டி இல்லாததற்கு ஆயிரம் என்று கழித்துக்கொண்டே வந்தேன். கிளம்புவது போல இரண்டு தடவை நடந்தேன். அண்ணாச்சி நகரவே இல்லை. ஆகவே அந்த வித்தை பலிக்கவில்லை. கடைசியில் ரூ.2,600-க்கு முடிந்தது. தார்ப்பாய் ஓரத்தில் பணம் அனுப்பும் கியூ.ஆர். அட்டை ஒட்டியிருந்தது. அண்ணாச்சி அதைப் பார்க்காமல் மஞ்சள் பையிலிருந்து நோட்டுகளை எண்ணிக் கொடுத்தார். எச்சில் தொட்டு இரண்டு முறை எண்ணினார்.

ஏமாந்தோமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதே நிலையில் ஒரு என்ஜின் இங்கிலாந்தில் இன்னும் மலிவாகக் கிடைத்திருக்கலாம். மலிவு ரகம் அல்லவா, அங்கே ஏராளமாகச் செய்து விற்றிருக்கிறார்கள். ஆனால் தாராவியிலிருந்து லிவர்பூலுக்கு லோக்கல் வண்டி கிடையாது.

சாவி தேடி மேலும் ஒரு மணி நேரம் அலைந்தோம். கடிகாரச் சாமான் விரித்திருந்த ஒருவர் டப்பா நிறையச் சாவி வைத்திருந்தார். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, பதினோராவது சாவி பொருந்தியது. எங்கள் அவசரத்தை அவர் பார்த்துவிட்டார். ஒரு சாவிக்கு ரூ.150. அதில் ஒரு பைசாகூடக் குறைக்கவில்லை. பழைய ஸ்பிரிங்குக்கு முழுச் சாவி கொடுக்கக் கூடாது என்று அதிகாரி எச்சரித்திருந்தார். இரண்டே திருகு கொடுத்தேன். சக்கரம் 'கிர்ர்' என்று சுற்றியது. அண்ணாச்சி என்ஜினை என் கையிலிருந்து வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார்.

சிவப்பா, பச்சையா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்குள் அண்ணாச்சி மண்ணெண்ணெய் தொட்டுத் துருவைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் விட்டு வைத்திருந்தார். பெயிண்ட் அடிக்கலாமா என்று கேட்டார். அடித்தால் பழசின் மதிப்பு போய்விடும் என்று தடுத்துவிட்டேன்.

மகன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் துணியை அவிழ்த்து என்ஜினை இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

அவர் சிறிது நேரம் அதைத் தொடவே இல்லை. பிறகு எடுத்தார். திருப்பிப் பார்த்தார். அடியில் பார்த்தார். சக்கரத்தை விரலால் தள்ளினார். நாங்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நம்மளது சிவப்புல்லாப்பா" என்றார்.

"பச்சைடா."

"சிவப்பு. எனக்குத் தெரியாதா?"

"வித்தவன் நான். எனக்குத் தெரியாதா?"

சோறு ஆறுகிறது என்று மருமகள் சத்தம் போடும் வரை தகப்பனும் மகனும் சண்டை போட்டார்கள். இருவரும் என்னைச் சாட்சிக்கு வேறு இழுத்தார்கள். 1982-ல் நான் பிறக்கவே இல்லை என்று சொல்லித் தப்பித்தேன்.

சாப்பிட்டு எழுந்ததும் மகன் சாவி கொடுத்தார். அவரும் இரண்டே திருகுதான் கொடுத்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தண்டவாளம் இல்லாததால் வெறும் தரையில் விட்டார். வாசலிலிருந்து கோணலாக ஓடிய என்ஜின் அடுக்குப் பானையில் முட்டித் திரும்பி, நேராகக் கட்டிலுக்கு அடியில் புகுந்து நின்றுவிட்டது.

ஐம்பது வயது மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் குப்புறப் படுத்தார். கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்தார். எடுத்துக்கொண்டு வெளியே வரச் சற்று நேரமாயிற்று.

அண்ணாச்சி என் காதருகே வந்தார். மஞ்சள் பையில் இன்னும் ரூ.1,250 மீதி இருக்கிறதாம்.

"சிவப்பு ஒண்ணு கெடைக்குமா தம்பி? வர்ற வெள்ளிக்கிழமை உங்களுக்கு ஓய்வுதானே?"